விட்டுப்போன எண்

குடியாத்தத்திலிருந்து நமக்கு வரும் கடிதங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் உறையைப் பிரிப்பதற்கு முன்பே அடையாளம் கண்டுகொள்வோம். அனுப்புகிறவர் அவ்வூரில் நெடுங்காலமாக நூற்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர். தம் பெயரைச் சிறியதாக எழுதுவார்; ஊர்ப் பெயரை அதைவிடச் சிறியதாக எழுதுவார்; 632602 என்ற தபால் எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு அடியில் இரண்டு கோடு இழுத்துவிடுவார். "ஊர்ப் பெயரைத் தபால்காரர் தப்பாகப் படிக்கலாம், எண்ணைத் தப்பாகப் படிக்க முடியுமா?" என்பது அவருடைய வாதம்.

போன தடவை குடியாத்தம் சென்றிருந்தபோது அவருடைய பேத்தி நம்மை ஒரு கேள்வி கேட்டாள். ஒன்பதாவது வகுப்பில் படிக்கும் பெண். "எங்கள் ஊர் எண்ணில் ஏதாவது விசேஷம் உண்டா?" என்றாள். 1729 என்ற எண்ணைப் பற்றி அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். வாடகை வண்டியின் எண்ணில் அவ்வளவு விசேஷம் இருக்கும்போது, காமராஜர் 1954இல் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஊரின் எண்ணில் ஒன்றுமே இல்லாமற் போகுமா என்பது அவளுடைய எண்ணம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல உட்கார்ந்தோம்; அது நம்மை இங்கிலாந்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போய், மகா மேதை ஒருவர் செய்த ஒரு சிறு பிசகின் முன்னால் நிறுத்தியது. அந்தக் கதையையே இங்கே சொல்கிறோம்.

தபால் எண்ணின் முறை யாவரும் அறிந்ததே. 1972ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தேசம் முழுவதும் இந்த ஆறு இலக்க முறை அமலுக்கு வந்தது. முதல் இலக்கம் பிராந்தியத்தையும், முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால்களைப் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் தபாலாபீஸையும் குறிக்கும். 632 என்றால் வேலூர் வட்டாரம். இதெல்லாம் தபால் இலாகா கொடுத்த அர்த்தம். அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு லட்சத்து முப்பத்திரண்டாயிரத்து அறுநூற்றிரண்டு என்ற வெறும் எண்ணாகப் பார்த்தால் அதற்கென்று ஒரு சுபாவம் உண்டா என்பதே கேள்வி.

குடியாத்தத்தைச் சுற்றிலும் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே பதனிட்ட தோலைத் தரம் பிரிப்பதற்கென்றே கை தேர்ந்தவர்கள் உண்டு. ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, கத்தி பட்ட இடம், உண்ணி கடித்த தழும்பு, ஓட்டை, பருமன் எல்லாவற்றையும் ஒரு நொடியில் பார்த்து, 'இது முதல் தரம், இது மூன்றாந்தரம்' என்று ஒதுக்கிவிடுவார்கள். கணித சாஸ்திரிகளும் எண்களை ஏறக்குறைய இப்படித்தான் விரித்துப் பார்க்கிறார்கள். முதலில் அவர்கள் கேட்பது, 'இந்த எண்ணை மீதமின்றி வகுக்கும் எண்கள் எவை?' என்பது. பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவற்றைக் காரணிகள் என்று சொல்லும். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு காரணியே இல்லாத எண் பகா எண். 2, 3, 5, 7, 11 என்று அவை செல்லும். மற்றவை பகு எண்கள். தன்னை நீக்கி மற்றக் காரணிகளைக் கூட்டினால் அந்த எண்ணே வருமானால் அது செவ்விய எண். 6 அப்படிப்பட்டது, ஒன்று, இரண்டு, மூன்று கூட்டினால் ஆறு. கூட்டுத்தொகை எண்ணைவிட அதிகமானால் மிகை எண், குறைந்தால் குறை எண்.

632602 இரட்டைப்படை எண்; ஆகவே இரண்டால் வகுபடும். ஈவு 316301. இது மேலும் வகுபடுமா? அதைக் கண்டுபிடிக்க 562 வரையிலுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனென்றால் 563ஐ 563ஆல் பெருக்கினாலே 316301ஐத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பகா எண்கள் 102 இருக்கின்றன. கைபேசியில் இரண்டு விநாடியில் முடியும் காரியத்தை அந்தப் பெண் காகிதத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். பாட்டி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாயிற்று. 443க்கு வந்தபோது, "தாத்தா, அகப்பட்டுவிட்டது!" என்று கூவினாள். பெருக்கிப் பார்த்ததில் 443ஐ 714ஆல் பெருக்கினால் 316302 வந்தது. ஒன்றே ஒன்றால் தப்பிவிட்டது! கடைசிப் பகா எண்ணான 557 வரை போய் அதுவும் வகுபடவில்லை என்று கண்ட பிறகு பென்சிலைக் கீழே வைத்தாள். 316301 ஒரு பகா எண்.

ஆக, குடியாத்தத்தின் எண்ணுக்கு 1, 2, 316301, 632602 என்ற நான்கே காரணிகள். முதல் மூன்றையும் கூட்டினால் 316304. எண்ணின் பாதியைவிட மூன்று அதிகம், அவ்வளவுதான். ஆகவே இது குறை எண். பேத்தியின் முகம் வாடிவிட்டது. அவளைத் தேற்றுவதற்காக நாம் இன்னொன்றையும் தேடிப் பார்த்துச் சொன்னோம். 741ஐ அதனாலேயே பெருக்கி, 289ஐ அதனாலேயே பெருக்கி, இரண்டையும் கூட்டினால் சரியாக 632602 வருகிறது. இரண்டு வர்க்கங்களின் கூட்டாக இந்த எண்ணை எழுத இந்த ஒரு வழிதான் உண்டு. வேறு வழி கிடையாது. 289 என்பதே 17இன் வர்க்கம். இது கொஞ்சம் கௌரவமான விஷயந்தான். ஆனாலும் பெரியவர் ஒப்பவில்லை.

"நாலு பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியாத எண் என்ன எண்?" என்றார் அவர்.

இந்த வார்த்தையில் ஒரு வியாபாரியின் ஆயுட்கால அனுபவம் இருக்கிறது. தீப்பெட்டியும் கைத்தறி லுங்கியும் குடியாத்தத்தின் இரண்டு கைகள். தீப்பெட்டிக் கணக்கு வெகு காலம் குரோஸில் நடந்தது. குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன், அதாவது 144 பெட்டி. இப்பொழுது 600 பெட்டி கொண்ட பண்டலாகப் பேசுகிறார்கள். டஜன் என்ற கணக்கு ஏன் உலகமெல்லாம் பரவிற்று? பத்துப் பழத்தை இரண்டு பேருக்கும் ஐந்து பேருக்கும் பங்கிடலாம். மூன்று பேர் வந்தால் சண்டைதான். பன்னிரண்டை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்குத் தகராறின்றிப் பங்கிடலாம். பத்துக்குக் காரணிகள் நான்கு, பன்னிரண்டுக்கு ஆறு.

நம் முன்னோர்களும் இந்தச் சூட்சுமத்தை அறிந்தே இருந்தார்கள். ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. ஒரு நாழிகைக்கு அறுபது விநாடி. பிரபவ முதல் அக்ஷய வரை வருஷங்கள் அறுபது. அறுபதுக்கு 12 காரணிகள். நூறு அதைவிடப் பெரிய எண்ணாயிருந்தும் அதற்கு ஒன்பதே. 1957ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வரும் வரையில் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்படி. ஆக ரூபாய்க்கு 192 தம்படி. ஒரு ரூபாயை மூன்று பிள்ளைகளுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்படி, மீதி இல்லை. இன்றைக்கு ஆளுக்கு முப்பத்துமூன்று பைசா கொடுத்துவிட்டு மீதி ஒரு பைசாவை என்ன செய்வது? கணக்கு எழுதுவதற்குப் பத்தின் முறை சௌகரியம் என்பதை நாம் மறுக்கவில்லை. பங்கு போடுவதற்கு மட்டும் அது அவ்வளவு சௌகரியமில்லை.

நூற்கடைக்காரருக்கு இதைவிட அருமையான உதாரணம் கையிலேயே இருக்கிறது. நாற்பதாம் நம்பர் நூல், அறுபதாம் நம்பர் நூல் என்கிறார்களே, அந்த நம்பர் எப்படி வருகிறது? ஒரு சிட்டம் நூல் 840 கஜ நீளம். ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுவே நம்பர். நூல் மெலிய மெலிய நம்பர் ஏறும். சிட்டத்தை 120 கஜமுள்ள ஏழு பாகங்களாகப் பிரிப்பார்கள். இந்த 840 ஒன்று முதல் எட்டு வரையுள்ள எல்லா எண்களாலும் மீதமின்றி வகுபடும் எண்களில் மிகச் சிறியது. அதன் காரணிகள் 32. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையா. தறியில் உட்காருகிறவர் தினமும் கையாளுவது இப்படியொரு ராஜ எண்!

காரணிகளை எண்ணுவதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஒருவரிடம் மூன்று லுங்கியும் இரண்டு சட்டையும் இருந்தால் ஆறு விதமாக உடுத்திக்கொள்ளலாம் அல்லவா? பன்னிரண்டு என்பது இரண்டு இரண்டுகளும் ஒரு மூன்றும் சேர்ந்த பெருக்கம். அதன் காரணி ஒன்றை உண்டாக்க, இரண்டை ஒரு தடவையும் எடுக்காமலிருக்கலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரண்டு தடவை எடுக்கலாம்: மூன்று வழி. மூன்றை எடுக்கலாம் அல்லது விடலாம்: இரண்டு வழி. ஆகக் காரணிகள் ஆறு. எந்தப் பெரிய எண்ணையும் பகா எண்களாக உடைத்து, ஒவ்வொன்றும் எத்தனை தடவை வருகிறதோ அத்துடன் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் தொகை வந்துவிடும். வாசகர்கள் இந்த ஒரு விதியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே இதற்கு வேலை இருக்கிறது.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைக் காட்டிலும் அதிகமான காரணிகளை உடைய எண்ணுக்கு 'மிகு பகு எண்' என்று பெயர் வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகிறது. சிட்டத்தின் 840உம் அதன் பாகமான 120உம் இதில் இருக்கின்றன. குரோஸின் 144 இல்லை. அதற்குக் காரணிகள் 15, ஆனால் அதைவிடச் சிறிய 120க்கு 16. புதுப் பண்டலின் 600க்கு 24 காரணிகள் இருந்தும் அதற்கு முன்பே 360 அந்த ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. இந்தச் சபையில் சமமாக இருந்தால் போதாது, மிஞ்ச வேண்டும். இந்த வரிசைக்கு முடிவும் கிடையாது. எந்த எண்ணையும் இரட்டித்தால் காரணிகள் கூடத்தான் கூடும். ஆகவே ஒரு மிகு பகு எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையிலாவது, அந்த இரட்டிப்பிலாவது அடுத்தது வந்தே தீரும்.

இந்த எண்களுக்கு இப்பெயரை இட்டு இவற்றின் இலக்கணத்தை வகுத்தவர் நம்மவர். ஸ்ரீநிவாச ராமானுஜன் 1887ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. (இதைச் சொன்னதும் நூற்கடைப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.) கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணம் கலாசாலையிலும் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிலும் எப்.ஏ. பரீக்ஷையில் தேறாதவர். காகிதம் வாங்கக் கட்டாமல் பலகையில் கணக்குப் போட்டு முழங்கையால் அழித்தவர். 1912இல் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தவர். 1913 ஜனவரியில் அங்கிருந்து கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் பிரசித்தமானது. 1914 மார்ச்சில் கப்பலேறினார். சில மாதங்களில் ஐரோப்பாவில் மகா யுத்தம் மூண்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 1915ஆம் வருஷத்தில் லண்டன் கணித சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜனுடைய நீண்ட கட்டுரை வெளிவந்தது. விஷயம் இந்த மிகு பகு எண்களே. 347ஆம் பக்கத்தில் தொடங்கி 409ஆம் பக்கத்தில் முடிந்தது. சொந்த தேசத்தில் எப்.ஏ. தேறாதவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை இந்த ஆராய்ச்சியை முன்னிட்டே பி.ஏ. பட்டம் அளித்தது. பரீக்ஷை எழுதாமல் கிடைத்த பட்டம்!

ஹார்டிக்கு இந்தக் கட்டுரையின் பேரில் ஓரளவு மனத்தாங்கல் இருந்தது. கணிதத்தின் பிரதான ஓட்டத்தை விட்டு ஒதுங்கிய துறை இது என்று அவர் கருதினார். அதற்குள்ளேயும் ராமானுஜன் காட்டிய சாமர்த்தியத்தை அவர் பாராட்டாமல் இல்லை. 'ஒதுக்குப்புறம்' என்பது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது என்பது நம்முடைய அபிப்பிராயம். பன்னிரண்டையும் அறுபதையும் புழங்கி வளர்ந்த ஒரு நாட்டுப் பிள்ளைக்கு இது நடுவீடாகவே இருந்திருக்க வேண்டும்.

மிகு பகு எண்களைப் பகா எண்களாக உடைத்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது என்று ராமானுஜன் காட்டினார். இரண்டு எத்தனை தடவை வருகிறதோ அதைவிட மூன்று அதிகமாக வராது. மூன்றைவிட ஐந்து அதிகமாக வராது. மாடிப்படியில் இறங்குவதுபோல் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகும், மேலே ஏறாது. கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். இதற்கு 4, 36 என்ற இரண்டே விலக்குகள். பந்தியில் பெரியவர்கள் முதலிலும் பிள்ளைகள் கடைசியிலுமாக உட்காருகிற மாதிரி! இதைப் போலப் பல விதிகளை நிரூபித்துவிட்டு, ஓர் அட்டவணையும் கொடுத்தார். இரண்டிலிருந்து தொடங்கி 67,46,32,83,88,800 வரையில், அதாவது ஆறு லட்சத்து எழுபத்துநாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடிச் சொச்சம் வரையில், 102 எண்கள். (316301க்காகப் பேத்தி பார்த்த பகா எண்களும் 102; இது தற்செயல்.) அடுத்தடுத்த மிகு பகு எண்களைக் கண்டுபிடிக்கச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு முறை தமக்குத் தெரியாது என்று அவரே கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். கணிப்பொறி இல்லாத காலத்தில், கோடி கோடியான எண்களினிடையே கையால் துழாவி எடுத்த முத்துக்கள் இவை.

அந்த முத்துமாலையில் ஒரு முத்து விட்டுப்போயிற்று.

அட்டவணையின் பிற்பகுதியில் 2,40,94,02,99,600 என்ற எண் இருக்கிறது. அதற்குக் காரணிகள் 4800. அடுத்து 3,21,25,37,32,800 வருகிறது. அதற்குக் காரணிகள் 5376. இரண்டுக்கும் நடுவே 2,93,31,86,25,600 என்ற எண் இருந்திருக்க வேண்டும். இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. இதை உடைத்தால் இரண்டு ஆறு தடவை, மூன்று நான்கு தடவை, ஐந்து இரண்டு தடவை, ஏழு இரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. படி ஒழுங்காக இறங்குகிறது. லுங்கி சட்டை விதிப்படி ஏழு, ஐந்து, மூன்று, மூன்று, பிறகு நான்கு இரண்டுகள் ஆகியவற்றைப் பெருக்கினால் 5040. முந்தைய எண்ணின் 4800ஐ மிஞ்சுகிறது. ஆகவே அதற்கு ஆசனம் உண்டு. ராமானுஜன் அதை விட்டுவிட்டார்.

இதைக் கேட்டபோது பெரியவருக்கு ஏற்பட்ட வருத்தம் வாஸ்தவமானது. "ராமானுஜன் கணக்கிலா தப்பு? அச்சுக் கோத்தவன் விட்டிருப்பான்!" என்றார். நம் ஜனங்களில் பலருக்கும் இப்படித்தான் தோன்றும். நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்ற கதையையே கேட்டு வளர்ந்திருக்கிறோம். தாயார் ஓர் எண்ணை மறப்பாளா? நமக்கோ இந்தப் பிசகு அந்த மனிதரை இன்னும் சமீபத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாகத் தோன்றுகிறது. 102 எண்களும் ஆகாயத்திலிருந்து விழவில்லை. குளிரும் யுத்தமும் நிறைந்த அந்நிய தேசத்தில், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாடிக்கொண்டு, ஒருவர் ஒவ்வொன்றாக உடைத்துப் பெருக்கி ஒப்பிட்டுப் போட்ட கணக்கு அது. கையால் செய்த வேலையில்தான் ஓர் இழை தவறும். குடியாத்தம் நெசவாளிக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

எந்த இடத்தில் கை தவறிற்று என்பதையும் ஒருவாறு கவனிக்கலாம். விட்டுப்போன எண்ணுக்கு முன்னால் இருப்பதிலும் பின்னால் இருப்பதிலும் 23 என்ற பகா எண் இருக்கிறது. ஏழு ஒரே தடவை வருகிறது. விட்டுப்போனதில் மட்டும் 23 இல்லை. அதற்குப் பதிலாக ஏழு இரண்டு தடவை வருகிறது. நாம் அட்டவணையின் மற்ற எண்களையும் உடைத்துப் பார்த்தோம். இதற்கு அப்பால் கடைசி வரை வரும் எண்கள் அத்தனையிலும் 23 உண்டு. அதாவது, அந்த எல்லைக்குள் 23இன் துணையில்லாமல் சபையேறத் தகுதி பெற்ற கடைசி எண் இதுதான். கூட்டமெல்லாம் புது வழியில் திரும்பிய பிறகு பழைய வழியில் தனியாக வந்த ஒருவரை வாசற்படியில் கவனிக்காமல் விட்டதுபோல் ஆயிற்று.

அந்த 5040 இருக்கிறதே, அது லேசான எண் அல்ல. அதுவே ஒரு மிகு பகு எண். அதற்குக் காரணிகள் 60. அறுபதும் மிகு பகு எண், காரணிகள் 12. பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. எல்லாம் அதே சபையைச் சேர்ந்தவை. கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று விதித்தார். நிலத்தையும் காவலையும் வரியையும் எப்படிப் பங்கிட்டாலும் மீதம் நில்லாது என்பதே காரணம். நூற்கடைப் பெரியவரின் கட்சிதான் அவரும்.

கதை 1915உடன் முடிந்துவிடவில்லை. ராமானுஜன் எழுதிய கட்டுரை இன்னும் நீளமானது. யுத்த காலத்தில் லண்டன் கணித சங்கத்துக்குப் பணமுடை. ஆகவே பிற்பகுதி அச்சேறவில்லை. ராமானுஜன் 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகி, 1919இல் நோயுடன் தாய்நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாவது வயதில் காலமானார். அந்தப் பக்கங்களோ கேம்பிரிட்ஜில் உறங்கின. 1988இல் புதுடில்லியில், அவருடைய 'தொலைந்த நோட்டுப் புத்தக'த்துடன் சேர்த்துக் கையெழுத்துப் படியாகவே அவை பிரசுரமாயின. 1997இல் நிக்கோலா, ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் குறிப்புகளுடன் அவற்றை ஒழுங்காக அச்சிட்டார்கள். எழுதி எண்பத்திரண்டு வருஷம் கழித்து!

அதற்குள் வேறோர் ஆச்சரியம் நடந்திருந்தது. ஜெர்மானியரான ரீமான் 1859இல் வெளியிட்ட ஓர் ஊகம் கணித உலகத்தின் மிகப் பெரிய புதிராக இன்னும் நிற்கிறது. பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றியது அது. மேலே சொன்ன ரோபின் 1984இல் ஓர் உண்மையை நிரூபித்தார். ஓர் எண்ணின் காரணிகளையெல்லாம் கூட்டினால் வரும் தொகைக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு கட்டலாம். 5040க்கு மேற்பட்ட எந்த எண்ணும் அந்த வரம்பை மீறாது என்று காட்டிவிட்டால் ரீமானின் ஊகம் மெய்யாகிவிடும். ஏதாவது ஓர் எண் மீறிவிட்டால் ஊகம் பொய். ரீமான் சொன்னது மெய்யானால் போதிய அளவு பெரிய எண்கள் அனைத்தும் அந்த வரம்புக்குள் அடங்கும் என்பதை, அச்சேறாமல் கிடந்த அந்தப் பக்கங்களிலேயே ராமானுஜன் கண்டு வைத்திருந்தார். ஹார்டி ஒதுக்குப்புறம் என்று நினைத்த சந்து, ராஜவீதியில் போய் முட்டியது. வரம்பை மீறுவதாக இதுவரை அகப்பட்ட எண்களில் மிகப் பெரியது 5040தான். விட்டுப்போன எண்ணின் காரணிகளுடைய தொகை அதே எண்ணாக வந்ததற்கு விசேஷ அர்த்தம் எதையும் நாம் கற்பிக்கவில்லை. ஆனாலும் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது.

இவ்வளவையும் நாம் சொல்லி முடிக்கும்போது கடையில் விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. பேத்தி அட்டவணையை அச்சிட்ட தாளை விளக்கடியில் வைத்துக்கொண்டு, கடைசி வரியில் இருந்த எண்ணை மெல்ல உடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஆறு, மூன்று நான்கு, ஐந்து இரண்டு, ஏழு இரண்டு, 11, 13, 17, 19, 23. சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "தாத்தா, இந்த 23ஐ எடுத்துவிட்டால் விட்டுப்போன எண்தானே மிச்சம்?" என்றாள்.

பெரியவர் கைபேசியைத் தொடவில்லை. மேஜை மேலிருந்த பில் ஒன்றைத் திருப்பிப் போட்டார். 2,93,31,86,25,600 என்று எழுதினார். இருபதால் பெருக்கினார்: 58,66,37,25,12,000. மூன்றால் பெருக்கினார்: 8,79,95,58,76,800. இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, வலது கோடியிலிருந்து விரல் விட்டுக் கூட்டிக்கொண்டே வந்தார். 67,46,32,83,88,800. தாளின் கடைசி வரியுடன் இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்த்தார், வித்தியாசம் இல்லை. ராமானுஜன் தம் அட்டவணையை முடித்த எண்ணுக்குள்ளேயே, அவர் விட்டுவிட்ட எண் இருபத்துமூன்று தடவை அடங்கியிருக்கிறது.

பில்லின் மறுபக்கத்தில் நாற்பதாம் நம்பர் நூலுக்கு விலை போட்டிருந்தது. வாசலில் நின்ற வாடிக்கைக்காரர் அதற்காகக் கை நீட்டினார். பெரியவர் அந்தத் தாளை மடித்துப் பேத்தியிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு வேறொரு பில் எழுத ஆரம்பித்தார்.